அண்ணன் பெயரில் ஓர் இதயம்

என் அண்ணனிடம் பால் டம்ளரைக் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார். பால் கெட்டிருக்கிறதா என்பதைவிட, கெட்ட பாலை நான் தெரிந்தே கொடுக்கிறேனா என்பதுதான் அவருக்கு முக்கியம். கூடப் பிறந்தவள் என்பதால் எனக்குச் சலுகை எதுவும் கிடையாது.

அவருக்குப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் வேலை. அந்த வேலை அவரை இப்படி ஆக்கியதா, இப்படிப்பட்டவர் என்பதால் அந்த வேலை கிடைத்ததா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது, கண்ணைக் கட்டிக்கொண்டவனுக்கு உண்மையிலேயே கண் தெரியவில்லையா என்று எதிரே நின்று விரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒளிந்துகொள்ள மறந்துவிடுவார். எல்லா ஆட்டத்திலும் முதலில் பிடிபடுவது அவர்தான்.

கண்டக்டர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் எக்ஸ்ரே. வண்டியில் ஏறியதும் டிக்கெட் கேட்க மாட்டார். படிக்கட்டு ஓரம் நின்று முகங்களைப் பார்ப்பார். திடீரென்று வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பவரிடம் நேராகப் போய் நிற்பார். அடுத்தவர் பாஸில் பயணம் செய்பவர்களைப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாஸில் ஒட்டியிருக்கும் போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டார். பாஸைத் திருப்பிக் கொடுப்பதுபோல் கொடுத்து, இரண்டு அடி நடந்துவிட்டு, அதில் இருந்த பெயரைச் சொல்லிச் சும்மா கூப்பிடுவார். சொந்தப் பெயர் என்றால் தலை தானாகத் திரும்பும். இரவல் பெயர் என்றால் ஒரு நொடி பிடிக்கும். அந்த ஒரு நொடியில் ஆள் மாட்டிக்கொள்வான்.

கல்யாணம் கூடிவராமல் இல்லை. ஆனால் பெண் வீட்டாரைப் பற்றி அக்கம்பக்கத்தில் அவர் நோண்டி நோண்டி விசாரித்ததைப் பார்த்து, இவர் மேலேயே ஏதோ வழக்கு இருக்கும் போலிருக்கிறது என்று அவர்கள் பயந்து விலகிவிட்டார்கள். இப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, கீழே இறங்கி, மறுபடி ஏறிப் போய் இழுத்துப் பார்த்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார். சாப்பாடு எங்களோடு. நாங்கள் முதல் வாய் வைத்த பிறகு அவர் வைப்பார்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்து, வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்திவிட்டு வருவார். திருடன் வந்து ஏணி கேட்டால்கூட, பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்கிற மனுஷர். தெருவில் அவரோடு நடந்து போனால் எரிச்சல்தான் வரும். பத்தடிக்கு ஒருவர் நிறுத்திப் பேசுவார்கள்.

அண்ணனின் அலுவலகத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். பெரிய ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள். மேலாளரில் தொடங்கி வண்டி கழுவுகிறவர் வரை எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்களில் யாருக்கு நோய் வருகிறது, யார் நெடுநாள் இருக்கிறார், அதில் பதவிக்கும் வீட்டுக்கும் தெருவுக்கும் சொந்தபந்தத்துக்கும் என்ன பங்கு என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. சில வருஷங்களுக்கு ஒரு தரம் வந்து அதே ஆட்களை மறுபடி அளந்து, மறுபடி கேள்வி கேட்பார்கள். முதல் தடவை அண்ணனே போனார். போய்விட்டு வந்து அன்று சாப்பாட்டில் கையே வைக்கவில்லை.

"எனக்குச் சக்கரை இருக்கான்னு பார்க்கட்டும், சரி. எனக்குச் சிநேகிதன் இருக்கானான்னு எதுக்குப் பார்க்கணும்?" என்றார்.

"பேச்சுத்துணைக்கு ஆளிருந்தா உடம்பு நல்லா இருக்குமோ என்னமோ மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மேலதிகாரி உங்களை மதிக்கிறாரான்னு கேக்கறாங்க மாப்பிள்ளை. நான் சொல்ற பதில் எங்க போய்ச் சேரும்னு நினைக்கிறீங்க? எத்தனை வருஷத்துக்கு இப்படி வருவீங்கன்னு அந்த நர்ஸைக் கேட்டேன். கடைசி வரைக்கும்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. யாரோட கடைசி?"

கொஞ்ச நாளில் அவரோடு வேலை பார்த்த இன்னொரு பரிசோதகரைப் பேருந்திலிருந்து எடுத்து மேசை வேலையில் போட்டார்கள். அவருக்கு முழங்கால் வலி. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "கேட்டு வாங்கினதா சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றார்.

அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. கொஞ்ச நாளாகவே வண்டியில் ஏறி இறங்கும்போது அவருக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையோ உற்றுப் பார்ப்பதுபோல் நின்று சமாளிப்பார். நான் நிறுத்தத்திலிருந்து ஒரு நாள் பார்த்துவிட்டேன். பேருந்துதான் அவருக்கு எல்லாமே. அதை விட்டு இறக்கி மேசையில் உட்காரவைத்தால் மனுஷன் செத்துப்போவார். அதனால் நானும் அவரிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டாம் தடவை ஆராய்ச்சிக்காரர்கள் தேதி கொடுத்தபோது அண்ணன் சொன்ன வாக்கியம் நன்றாக நினைவிருக்கிறது. "போகலேன்னா பேரைக் குறிச்சுக்குவாங்க. போனா உடம்பைக் குறிச்சுக்குவாங்க." போகாமலும் இருக்கக்கூடாது, போகவும் கூடாது. இதற்கு என்ன வழி கண்டுபிடித்தார் என்று என்னிடம் சொல்லவில்லை.

சந்தேகம் எங்கள் குடும்பத்தில் அண்ணனுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தல்ல. எனக்கும் அதில் பாதி உண்டு. ஒரு நாள் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது அண்ணனின் அறையிலிருந்து அவர் குரல் கேட்டது. தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம், இன்னொரு தரம். மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

"சட்டுனு திரும்பணும் மாப்பிள்ளை. யோசிக்கவே கூடாது."

"பழக்கமே வரலை மச்சான். இன்னொரு தடவை கூப்பிடுங்க."

நான் கதவைத் தள்ளியதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணன் மின்விசிறியை ஆராய்ந்தார். என் வீட்டுக்காரர், "சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்றார். சும்மா பேசுகிறவர் காதுமடல் எதற்குச் சிவக்க வேண்டும்?

அந்த வாரக் கடைசியில் என் வீட்டுக்காரர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினார். உடம்பில் அண்ணனின் சாம்பல் நிறச் சட்டை. எங்கே என்றால், ஒரு வீட்டில் ஜன்னலுக்கு அளவெடுக்க என்றார். அளவெடுக்கிற டேப் மேசைமேலேயே கிடந்தது. எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன், திரும்பி வரட்டும் என்று.

பசியோடு வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"ரத்தம் குடுத்தேன். யாரோ பாவம், ஆபத்துல இருக்காங்களாம்."

சட்டையை மாற்றும்போது பார்த்தேன். நெஞ்சில் அங்கங்கே வட்டமாகப் பிசுபிசுப்பு. ரத்தம் கொடுக்கிறவருக்கு நெஞ்சில் என்ன வேலை? அப்புறம் எனக்குத் தூக்கமே போய்விட்டது. இவருக்கு ஏதோ நோய், என்னிடம் மறைக்கிறார்கள், அண்ணனும் உடந்தை என்று முடிவு கட்டிக்கொண்டேன். படி ஏறும்போது அவர் மூச்சை எண்ணினேன். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தேன். அவரோ வழக்கம்போல எல்லாரிடமும் சிரித்துக்கொண்டு, கண்ணாடியைத் தோளோடு அணைத்துக்கொண்டு போய்வந்தார். நேரடியாகக் கேட்டால் "உனக்கும் உங்கண்ணன் புத்தி" என்றார். அதற்குமேல் நான் எப்படிக் கேட்பேன்?

இதற்கிடையில் அண்ணனுக்குப் போன் வர ஆரம்பித்தது. எண்ணைப் பார்ப்பார், துண்டிப்பார். ஒரு தடவை எடுத்து, "எனக்கு ஒண்ணும் வேணாம், நான் நல்லாருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். விற்கிறவர்கள் என்று நினைத்தேன்.

அவருக்கு விடுமுறை நாள் ஒன்றில், நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் படியேறி வந்து அண்ணன் கதவைத் தட்டினாள். வெள்ளை உடுப்பு, தோளில் பை, மேல்மூச்சு கீழ்மூச்சு. அண்ணன் சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் திறந்தார்.

"சார், நான் ஆராய்ச்சி மையத்து நர்ஸ். நீங்க வந்த அன்னிக்கு இருந்தது வேற ஒருத்தி. போன் எடுக்கவே மாட்டேங்கறீங்க. உங்க ஈசிஜி சரியில்ல. இதயத்துக்கு ரத்தம் போற பாதையில அடைப்பு இருக்குமோன்னு டாக்டர் பயப்படறாங்க. நெஞ்சு வலி ஏதாவது இருக்கா சார்?"

"அடையாள அட்டை?"

நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். அவள் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். சொந்தப் பெயர்தான். அப்படியும் நம்பவில்லை.

"எங்க ஆபீஸ்ல யாரு உன்னை அனுப்பினது?"

"ஆபீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். பாரமா எதையும் தூக்காதீங்க. மாடிப்படி ஏறாதீங்க. இன்னிக்கே வந்துடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

"யாரு அனுப்பினதுன்னு எனக்குத் தெரியும்மா" என்று கதவைச் சாத்தினார். பாவம், அந்தப் பெண் இறங்கிப் போனாள்.

அவள் போனதும் அண்ணன் வெளியே வந்தார். ஜெயித்துவிட்ட முகம்.

"பார்த்தியா? என்னை மேசையில உக்காரவைக்க என்ன நாடகம்! எனக்கு இதயக் கோளாறாம். காதுல பூ சுத்தறாங்க. என் நெஞ்சுல கையே வைக்காம எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டிருக்கணும்."

"கையே வைக்காமலா? நீங்கதானே போனீங்க?"

"நான் ஏன் போறேன்? போனது மாப்பிள்..."

பாதியில் நின்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் முகத்தில் அந்த ஒரு நொடியைத் தேடியவர் அவர். அன்று அது அவர் முகத்தில் இருந்தது. சாம்பல் நிறச் சட்டை, பஞ்சு, நெஞ்சில் பிசுபிசுப்பு, சொந்தப் பெயரைக் கூப்பிட்ட குரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தன. என் கையிலிருந்த ஈரத்துணி எங்கே விழுந்தது என்றே தெரியாது.

"பாரமா தூக்கக் கூடாதுன்னு சொன்னாளே அண்ணா" என்றேன். "அவரு இன்னிக்கு ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிட்டுப் போயிருக்காரு. மூணாவது மாடிக்கு."

இரண்டு தெரு தள்ளி இருக்கும் கட்டடம். என் வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. கண்ணாடி கையிலிருந்தால் எடுக்க மாட்டார். நாங்கள் ஓடினோம். எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்ன, என்ன என்று கேட்டார்கள். பாதி வழியில்தான் கவனித்தேன், அண்ணன் அறைக் கதவைப் பூட்டாமல் வந்திருந்தார். அதை நான் சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்து, கீழே கோணியை மடித்து வைத்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. எங்களைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

"சும்மா மூச்சு வாங்குது. என்ன ரெண்டு பேரும் சேர்ந்து?"

"எத்தனை நாளா இப்படி?" என்று கத்தினேன்.

"கொஞ்ச நாளா. வயசாகுதில்ல."

எண்ணியெண்ணிப் பார்த்த மூச்சு. என் கண் முன்னாலேயே எனக்குப் பிடிபடாமல் தப்பித்திருக்கிறது. அவர்மேல் வந்த கோபத்தில் அழுகை முந்திக்கொண்டது. அண்ணன் குனிந்து, "என் தோளைப் பிடிங்க மாப்பிள்ளை" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் புதிதாக ஓர் ஈசிஜி எடுத்தார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது எடுத்திருக்கீங்களா? பழசு இருந்தா ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த மாற்றம் இன்னிக்கு வந்ததா, முன்னமே இருந்ததான்னு தெரிஞ்சா முடிவெடுக்கச் சுலபமா இருக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி அண்ணனைப் பார்த்தார். "இல்ல டாக்டர், எடுத்ததே இல்ல" என்றார்.

அந்த நிலையிலும் அண்ணனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு வாயைத் திறக்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அதற்குள் அண்ணன் முன்னால் வந்துவிட்டார்.

"எடுத்திருக்கு. பின்கட்டடத்துல ஆராய்ச்சி மையத்துல இருக்கு. என் பேர்ல இருக்கு. கொண்டு வரேன்."

நானும் கூடவே போனேன். ஆராய்ச்சி மையத்து வாசலில் அண்ணன் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் பிடித்த ஆட்கள் எத்தனையோ பேர் பேருந்தில் இப்படித்தான் நிற்பார்கள் போலும்.

உள்ளே டாக்டரம்மா ஒருவர், பக்கத்தில் காலையில் வந்த அதே நர்ஸ். அண்ணன் உட்காரவில்லை.

"போன தடவை வந்தது நான் இல்ல. என் தங்கச்சி வீட்டுக்காரர். நான்தான் அனுப்பி வெச்சேன். அவர் இப்ப அவசரப் பிரிவுல படுத்திருக்கார். அந்த ஈசிஜியைக் குடுங்க. அப்புறம் யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிக்கோங்க."

"யார்கிட்ட?" என்றார் டாக்டரம்மா.

"எங்க ஆபீஸ்ல. ஆள்மாறாட்டத்துக்கு வேலை போகும், தெரியும்."

"ஆபீஸுக்கு நாங்க எதையும் சொல்றதே இல்லைங்க."

அண்ணன் தலையசைத்தார். நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நம்பாமலேதான் சொல்லியிருக்கிறார். வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் வந்திருக்கிறார். அதுவரை அவர்மேல் எனக்குக் கொதித்துக்கொண்டிருந்த கோபம் அந்த இடத்தில் இறங்கியது.

நர்ஸ் தாளை எடுத்துக்கொண்டு ஓடியபடியே சொன்னாள்: "முன்ன வந்ததைவிட உயரம் கூடியிருந்துச்சு சார் உங்களுக்கு. இந்த வயசுல யாராவது வளருவாங்களா? அளக்கிற கருவிதான் கெட்டுப்போச்சுன்னு அதை மாத்திட்டோம். ஆளைச் சந்தேகப்படத் தோணலை."

அண்ணன் அவளையே பார்த்தார். உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்கிற மாதிரி.

பழைய ஈசிஜியைப் பார்த்ததும் அவசரப் பிரிவு டாக்டர் காத்திருக்கவில்லை. அன்றைக்கு வந்த மாற்றம் வேறு, முன்னமே இருந்தது வேறு என்றார். இன்னும் ஒரு மாடி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவர் உடனே தயார் செய்யச் சொல்லி ஆளனுப்பினார்; அன்றே அடைப்பை எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கண் திறந்ததும் கேட்டது அந்த மூன்றாவது மாடிக் கண்ணாடியைத்தான். கடைப் பையன்கள் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். சொல்வதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு டாக்டரம்மா அண்ணனை மறுபடி வரச் சொன்னார். ஆபீஸில் ஒருவரும் ஒன்றும் கேட்காததே அண்ணனுக்குப் பெரிய சந்தேகமாக இருந்த நேரம் அது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தலைசுற்றலையும் நானே போட்டு உடைத்தேன். காதுக்குள் ஏதோ கோளாறு, மாத்திரையில் சரியாகும் என்றார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தார். "உங்க பேர்ல இருக்கிற தப்பான பதிவை எடுக்கணும். உயரம், எடை, ரத்தம், ஈசிஜி எல்லாம் உங்க தங்கச்சி வீட்டுக்காரரோடது. எடுத்துடறேன். கேள்விகளுக்கும் அவர்தான் பதில் சொல்லியிருக்கார். ஒவ்வொண்ணா படிக்கறேன், நீங்க உங்க பதிலைச் சொல்லுங்க."

மேலதிகாரி மதிக்கிறாரா? ஆமாம் என்று இருந்ததை இல்லை என்று மாற்றச் சொன்னார். அக்கம்பக்கத்தாரோடு பேசுவீர்களா? தினமும் என்று இருந்தது. எப்போதாவது என்று மாற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர் தன் வாழ்க்கையையே அண்ணன் பெயரில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு வந்தது.

"முழுசா நம்பக்கூடிய ஆள் யாராவது இருக்காங்களா?" என்று படித்தார் டாக்டரம்மா. "முதல் தடவை நீங்களே வந்தப்ப, யாரும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. இந்தத் தடவை அவர் சொன்னதை நர்ஸ் அப்படியே எழுதியிருக்கா. என் தங்கச்சி வீட்டுக்காரர், கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறார், ரொம்ப நல்ல மனுஷன்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தன்னைப் பத்தித் தானே சொல்லியிருக்கார். இதையும் அடிச்சிடட்டுமா?"

அண்ணன் சிரிக்கவில்லை.

"மத்ததெல்லாம் அடிச்சிடுங்க" என்றார். "அது இருக்கட்டும்."

சொன்னதோடு விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டரம்மாவின் தோளுக்கு மேலே எட்டி, அந்த வரி அழியாமல் அங்கேயே இருக்கிறதா என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்துக்கொண்ட பிறகுதான் எழுந்தார்.